எதிர்க்குரலும் நாடகப் பாட்டும்: ‘காயாத கானகத்தே’ பாடல் ஒப்பீட்டுக்கு ஒரு கூத்து அளவுகோல்

சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் வேடனாக வரும் முருகன் பாடும் ‘காயாத கானகத்தே’ பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு குரல்களை எதிரெதிரே வைப்பார்கள். ஒன்று இசைத்தட்டில் பதிவான எஸ். ஜி. கிட்டப்பாவின் குரல். மற்றொன்று 1945இல் வந்த ஏ. வி. மெய்யப்பனின் ‘ஸ்ரீவள்ளி’ படத்தில் டி. ஆர். மகாலிங்கம் பாடியது. யாருடைய பிருகா துல்லியம், மேல் ஸ்தாயியில் யார் நின்று பேசினார் என்று விவாதம் நடக்கும். கடைசியில் கிட்டப்பா மூலம், மகாலிங்கம் அவர் வழி வந்தவர் என்று தீர்ப்பாகும். குரலை மட்டும் நிறுக்கும் இந்த முறை நாடகப் பாட்டுக்குப் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். வேறொரு அளவுகோல் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத் தெருக்கூத்தில் கிடைக்கிறது.

முதலில் இசைத்தட்டைப் பார்ப்போம். 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். மேடையில் இந்தப் பாட்டு அப்படி முடிவதில்லை. தினைப்புனத்தில் பரண்மேல் நிற்கும் வள்ளியிடம் வேடன் வந்து விசாரிக்கிற இடம் அது. பாட்டே ஒரு கேள்வி. வள்ளி மடக்க வேண்டும், வேடன் மறுபடி தொடுக்க வேண்டும். அந்தத் தர்க்கத்துக்காகத்தான் விடிய விடிய ஜனம் உட்கார்ந்திருக்கும். கிட்டப்பாவுக்கு எதிரில் வள்ளியாக நின்றவர் கே. பி. சுந்தராம்பாள். ஒரே ஆர்மோனியத்தின் சுருதிக்கு இருவரும் பாடியாக வேண்டும். பெண் குரலுக்கு இசைவான கட்டையில் ஆண் பாடுவதென்றால் அவன்தான் ஏறி வர வேண்டும். சிறுவனாகவே மேடையேறிய கிட்டப்பாவுக்கு உச்சக் குரல் இயல்பிலேயே இருந்தது. ஆனால் வளர்ந்த பிறகும் அந்தக் குரலை அங்கேயே நிறுத்தி வைத்ததில் எதிரே நின்ற சுந்தராம்பாளுக்கும் பங்கு உண்டு என்று கருதுகிறேன். இசைத்தட்டில் அந்தப் பங்கு கேட்பதில்லை. 1933இல் கிட்டப்பா இறந்த பின் நமக்கு மிஞ்சியது பதில் இல்லாத கேள்விதான்.

சினிமாவில் இந்த இழப்பு இன்னும் ஒரு படி போனது. ‘ஸ்ரீவள்ளி’யில் வள்ளியாக நடித்த குமாரி ருக்மணியின் பாட்டுக் குரலை நீக்கிவிட்டு பி. ஏ. பெரியநாயகியின் குரலைப் பொருத்தினார்கள். தமிழில் பின்னணிக் குரலின் வரலாற்றைச் சொல்லும்போது இதைப் பெருமையாகக் குறிப்பிடுவது வழக்கம். நாடகப் பாட்டின் கண்ணோட்டத்தில் நடந்தது வேறு. வேடனுக்கு எதிரே வாயசைத்தவர் ஒருவர், ஒலித்த குரல் மற்றொருவருடையது. அதனால் மகாலிங்கத்தின் பாட்டு எவ்வளவு இனித்தாலும் அது யாரையும் சீண்டுவதில்லை.

இனி கூத்துக்கு வருவோம். விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சியை அடுத்த மேலச்சேரி, திரௌபதி வழிபாட்டின் முதல் இடமாகச் சொல்லப்படும் ஊர். சுற்றுவட்டாரத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடக்கும். துரியோதனன் வதைச் சடங்கான படுகளத்துக்கு முந்திய இரவுகளில் ஒன்று ‘கர்ண மோட்சம்’. பதினேழாம் நாள் போருக்குப் புறப்படும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். தேரோட்டி மகன் என்று அவனை இகழ்ந்தே வாழ்ந்தவள் அவள். தர்க்கம் தொடங்குகிறது. தன் பிறப்பை அவன் சொன்னதும் அவள் உடைகிறாள், போகாதே என்கிறாள்.

இந்த இடம் பாடப்படும் முறையைக் கவனிக்க வேண்டும். கர்ணன் தாளமில்லாமல் விருத்தம் இழுப்பான். பிறகு தாளத்தோடு பாடும் தரு. அவன் விட்ட அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்புவார்கள், முகவீணை மேலே ஏறிக்கொள்ளும். அந்த நேரத்தில் கர்ணன் ஆடி மூச்சு வாங்கிக்கொள்வான், பொன்னுருவி தன் பதிலுக்குத் தயாராவாள். பெண்வேஷம் கட்டுவது பெரும்பாலும் ஆண்தான். எனவே கட்டையைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. வேறுபாடு முழுக்க எடுப்பில்தான் இருக்கிறது. பொன்னுருவி சட்டென்று வெட்டிப் பேசினால் கர்ணன் அடுத்த தருவை ரோஷத்தோடு எடுப்பான். அவள் இழுத்துக் கொஞ்சம் விட்டால் அவனும் தணிவான். கர்ணன் பாட்டின் குணத்தைப் பொன்னுருவிதான் தீர்மானிக்கிறாள்.

நடக்கும் இடமும் பாட்டை மாற்றுகிறது. இதே ‘கர்ண மோட்சம்’ கருமாதி இரவிலும் நடத்தப்படும். கோயில் திடலில் கர்ணனின் வீரத்துக்குக் கைதட்டு விழும். துக்க வீட்டு வாசலில், தாலி இழந்தவள் கேட்டுக்கொண்டிருக்க, பொன்னுருவியின் புலம்பல்தான் ஆட்டத்தின் மையம். அங்கே கர்ணனாக ஆடுகிறவர் குரல் காட்டப் புறப்பட்டால் அது அழகாகாது. அந்த இரவில் பொன்னுருவிக்கு வழிவிடும் கர்ணனே நல்ல பாடகன்.

ஒரு மறுப்பு எழலாம். சுவாமிகளின் நாடகம் கர்நாடக இசைப் பயிற்சியோடு வளர்ந்தது, கூத்து சடங்கோடு வளர்ந்தது, இரண்டையும் எப்படி ஒரே தட்டில் வைப்பது? சுவாமிகள் 1922இல் காலமானது விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் பக்கத்தில் உள்ள புதுச்சேரியில்தான். அவர் சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. இந்த அருகாமையை நான் ஆதாரமாகக் காட்ட மாட்டேன். கூத்திலிருந்து அவர் எதையாவது எடுத்தார் என்பதும் என் வாதமல்ல. நான் சொல்வது அமைப்பைப் பற்றி. இரண்டிலும் விருத்தம், பாட்டு, வசனம் என்ற வரிசை உண்டு. இரண்டிலும் பாட்டு தர்க்கத்தின் ஒரு பகுதி. கூத்து தன் எதிர்க்குரலை இன்னும் கூடவே வைத்திருக்கிறது. இசைத்தட்டுக்குப் போன நாடகப் பாட்டு அதை இழந்துவிட்டது.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் கிட்டப்பாவா மகாலிங்கமா என்ற கேள்வி இரண்டாம்பட்சமாகிறது. இருவரின் பதிவும் பாதிப் பாட்டு. அதிலும் கிட்டப்பாவின் பாதியில் பதிலுக்காகக் காத்திருக்கும் தவிப்பு தெரிகிறது. மகாலிங்கத்தின் பாதி தன்னளவில் நிறைவடைந்துவிடுகிறது. கிட்டப்பாவை மேலாக வைக்க என்னிடம் உள்ள காரணம் இதுதான். பிருகாவின் வேகத்துக்கு அதில் இடமில்லை.

கூத்தைப் பதிவுசெய்ய விழுப்புரம், திண்டிவனம் பக்கம் போகும் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கர்ணன் பாட்டை மட்டும் தனியே வெட்டி எடுத்து வராதீர்கள். பின்பாட்டையும், பொன்னுருவியின் பதிலையும், கோயிலா கருமாதியா என்ற குறிப்பையும் சேர்த்துப் பதிவுசெய்யுங்கள்.