பாய் விரித்த போர் விமானம்

1925இல் அமெரிக்கக் கடற்படை சோதித்த பி.என்.9 பறக்கும் படகு, பிலடெல்பியாவிலிருந்த கடற்படை விமானத் தொழிற்சாலையில் உருவானது. முதல் உலகப் போர்க் காலப் பறக்கும் படகுகளின் உடல் மரத்தால் ஆனது. நீரில் ஊறி எடை ஏறிவிடும். பி.என்.9க்கு அலுமினியக் கலவை உலோகத்தில் உடல் அமைத்தார்கள். இரட்டை அடுக்குச் சிறகுகளுக்கு நடுவே இரண்டு பேக்கார்டு எஞ்சின்கள் இருந்தன. அவ்வாண்டு மே மாதம் அது 28 மணி நேரத்துக்கும் மேலாகத் தரையிறங்காமல் பறந்தது.

அடுத்த இலக்கு ஹவாய். கலிபோர்னியாவிலிருந்து 2,000 மைலுக்கும் மேற்பட்ட கடல்வழியை அதுவரை யாரும் வானில் கடந்ததில்லை. வழிநெடுகச் சுமார் 200 மைலுக்கு ஒரு கப்பல் காவல் நின்றது. ஆகஸ்டு 31 அன்று சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கேயுள்ள சான் பாப்லோ விரிகுடாவிலிருந்து இரண்டு பி.என்.9கள் கிளம்பின. ஒன்று 300 மைல் தாண்டியதும் பழுதாகிக் கடலில் இறங்கியது. மற்றொன்றில் கமாண்டர் ஜான் ராட்ஜர்ஸும் நால்வரும் இருந்தார்கள். எதிர்பார்த்த காற்று துணைக்கு வராததால் எரிபொருள் வேகமாகக் கரைந்தது. அரூஸ்டுக் என்ற காவல் கப்பலை அடைந்து எரிபொருள் நிரப்ப நினைத்தார்கள். அது வானொலியில் சொன்ன திசை தவறானது. அதை நம்பித் தேடிய விமானம், செப்டம்பர் 1 அன்று எரிபொருள் தீர்ந்து நீரில் இறங்கியது. அதற்குள் 1,841 மைல் பறந்திருந்தது. நீர்விமானங்களுக்கு அது புதிய சாதனை.

வானொலிக்கு மின்சாரம் கொடுத்த ஜெனரேட்டர், பறக்கும்போது அடிக்கும் காற்றில்தான் சுழலும். ஆகவே கடலில் மிதந்தவர்களால் செய்தி அனுப்ப முடியவில்லை. கேட்க மட்டும் முடிந்தது. தங்களைத் தேடும் கப்பல்கள் பேசிக்கொள்வதைக் கேட்டபடியே அவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். கீழ்ச்சிறகின் துணியைக் கிழித்தெடுத்து, இரு சிறகுகளுக்கும் நடுவே பாயாகக் கட்டினார்கள். தரைத் தட்டுகளைப் பெயர்த்துப் பக்கவாட்டில் நீருக்குள் இறக்கினார்கள். காற்று தள்ளும் திசையிலிருந்து சற்றே விலகிச் செல்ல அது உதவியது. உணவும் குடிநீரும் குறைந்துகொண்டே வந்தன. ஒவாஹு தீவைப் பிடிக்க முடியாது என்று தெரிந்ததும் கவாய் தீவை நோக்கித் திரும்பினார்கள். ராட்ஜர்ஸின் மாலுமித் திறமை முழுமையாக வெளிப்பட்டது இந்த நாட்களில்தான்.

சுமார் 450 மைல் பாயில் ஓடிய பிறகு, செப்டம்பர் 10 அன்று கவாய் கரைக்கு அருகே ஆர்-4 என்ற நீர்மூழ்கிக் கப்பல் அவர்களைக் கண்டது. ஐவரும் உயிருடன் இருந்தார்கள். பசிபிக் அலைகளில் ஒன்பது நாள் அடிபட்டும் உலோக உடல் தாக்குப்பிடித்திருந்தது. கடற்படை தெரிந்துகொள்ள விரும்பிய முக்கியமான விடை அதுவே. எஞ்சின்களை மாற்றி உருவாக்கிய பி.என்.12, பின்னர் டக்ளஸ், மார்ட்டின் முதலிய நிறுவனங்கள் கடற்படைக்குக் கட்டிய ரோந்து விமானங்களுக்கு மூல வடிவமாயிற்று. ராட்ஜர்ஸ் அதைப் பார்க்கவில்லை. 1926 ஆகஸ்டில் பிலடெல்பியாவில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார்.