மெலிந்த எட்ஜும் தடித்த ஸ்பீட்மாஸ்டரும்

சிப்காட்டில் முப்பது வருடம் ஷிஃப்ட் பார்த்த அப்பா ரிட்டையர் ஆகிறார். வீட்டின் முதல் பட்டதாரிப் பெண் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்கிறாள். அம்மா அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வருகிறது. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இப்படி ஒரு நாள் நெருங்கும்போது வாட்ச் பேச்சு எழுவதில் வியப்பில்லை. ஊரே வாட்ச் செய்யும் ஊர். ஆனால் கையில் நாலு காசு சேர்ந்த பிள்ளைகள் அந்தப் பேச்சை மாநில எல்லையான அத்திப்பள்ளிக்கு அப்பால், பெங்களூரின் சுவிஸ் வாட்ச் கடைகளுக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஸ்டாப் வாட்சும் உள்ளடங்கிய கிரோனோகிராஃப். டயலில் மூன்று சின்ன வட்டங்கள், பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள் என்று பார்த்ததுமே விலை தெரிகிற வாட்ச்.

அப்படி ஒன்றையும் ஓசூரில் பிறந்த ஒன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். சுவிஸ் பக்கம் பீல் நகரத்து ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் புரொஃபஷனல். ஓசூர் பக்கம் டைட்டன் எட்ஜ். எட்ஜ் கிரோனோகிராஃப் இல்லையே, ஆக்டேன் என்ற பெயரில் டைட்டனே கிரோனோகிராஃப் விற்கிறதே, அதை அல்லவா வைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். ஆக்டேன் நல்ல வாட்ச்தான். ஆனால் ஸ்பீட்மாஸ்டர் பக்கத்தில் அதை நிறுத்தினால் போட்டி தொடங்குமுன்பே முடிந்துவிடும். ஓசூர் தன் திறமை முழுவதையும் கொட்டிய இடம் வேறு. ஒரு ஊரை இன்னொரு ஊரோடு ஒப்பிடுவதென்றால் இரண்டும் எதில் உச்சம் தொட்டனவோ அதை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

ஸ்பீட்மாஸ்டர் 1957-ல் கார் பந்தயக்காரர்களுக்காக வந்தது. டயலைச் சுற்றியுள்ள விளிம்பில் டாக்கிமீட்டர் அளவு பொறித்திருக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரும் தேசிய நெடுஞ்சாலை 44-ல் ஒரு கிலோமீட்டர் கல்லைத் தாண்டும்போது மேல் பொத்தானை அழுத்தி, அடுத்த கல்லில் நிறுத்தினால், 45 விநாடிக்கு முள் 80-ல் நிற்கும். வண்டியின் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் என்று அர்த்தம். (ஓட்டுபவர் இதைச் செய்ய வேண்டாம், பக்கத்து சீட்டில் இருப்பவர் செய்யட்டும்.) பந்தயத்துக்கென்று செய்த இந்த வாட்சை நாசா வெப்பம், குளிர், அதிர்ச்சி, ஈரம் என்று வதைத்துப் பார்த்தது. கூட வந்த மற்ற நிறுவனங்களின் வாட்சுகள் விழுந்தன, இது தாங்கியது. 1965 மார்ச் 1-ல் விண்வெளிப் பயணத்துக்கு ஏற்றது என்று ஒப்புதல் கிடைத்தது. 1969-ல் நிலவில் நடந்த ஆல்ட்ரின் கையில் இருந்தது இதுதான். ஆம்ஸ்ட்ராங் தன்னுடையதைக் கலத்துக்குள்ளேயே விட்டுவிட்டு இறங்கினார், உள்ளே இருந்த நேரக்கருவி பழுதாகிவிட்டதால். மறு ஆண்டு ஏப்ரலில் அப்போலோ 13 விபத்தில் சிக்கியபோது, பாதையைத் திருத்த எஞ்சினை 14 விநாடி இயக்கியதை அளந்ததும் ஸ்பீட்மாஸ்டரே.

இந்தக் கதைகளை விளம்பரம் போதுமான அளவு சொல்லிவிட்டது. எனக்கு அதைவிடப் பிடித்தது உள்ளே இருக்கும் ஒரு சின்னத் தகடு. கிரோனோகிராஃப் முள் எங்கே நின்றிருந்தாலும் கீழ்ப் பொத்தானை அழுத்திய நொடியில் பூஜ்யத்துக்குப் பாய்ந்து வருகிறதே, எப்படி? முள்ளின் அச்சில் இதய வடிவத்தில் ஒரு தகடு இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் ஒரு சுத்தி வந்து அதன் விளிம்பில் அடிக்கிறது. விளிம்பின் சரிவு தகட்டைச் சுழற்றிக்கொண்டே போய், இதயத்தின் பள்ளத்தில் சுத்தி பொருந்தியதும் நிற்கிறது. அந்த நிலைதான் பூஜ்யம். முள் இந்தப் பக்கம் நின்றதா, அந்தப் பக்கம் நின்றதா என்று சுத்திக்குத் தெரிய வேண்டியதில்லை. வடிவமே கணக்கைப் போட்டுவிடுகிறது. அடால்ஃப் நிக்கோல் இதற்கு 1844-ல் காப்புரிமை பெற்றார். இன்றைய ஸ்பீட்மாஸ்டரின் 3861 காலிபரிலும், அதாவது உள்ளே ஓடும் இயக்கத்திலும், அதே தத்துவம்தான். ஒரு முறை முழுதாகச் சாவி கொடுத்தால் 50 மணி நேரம் ஓடும், 15,000 காஸ் காந்தப்புலத்தைத் தாங்கும். வாட்சின் குறுக்களவு 42 மில்லிமீட்டர், தடிமன் 13-க்குக் கொஞ்சம் மேல்.

இனி ஓசூருக்கு வருவோம். டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கியது டைட்டன். இன்றும் அதில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் டிட்கோ கையில்தான் இருக்கிறது. நாற்பது கிலோமீட்டர் தள்ளி, பெங்களூரில், 1961 முதல் ஜப்பானின் சிட்டிசன் தொழில்நுட்பத்தோடு ஹெச்.எம்.டி. வாட்ச் செய்துகொண்டிருந்தது. அது சாவி கொடுக்கும் வாட்சுகளின் சாம்ராஜ்யம். அதன் நிழலில் ஒரு புது ஆலையைத் தொடங்கி, செல்லில் ஓடும் குவார்ட்ஸ்தான் எதிர்காலம் என்று பந்தயம் கட்டினார் டைட்டனின் முதல் நிர்வாக இயக்குநர் ஜெர்க்சஸ் தேசாய். வேலைக்கு எடுத்தது சுற்றுவட்டாரத்துக் கிராமங்களில் பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளை. மைராடா தொண்டு நிறுவனம் 1990-களில் இந்தப் பகுதிப் பெண்களைத் திரட்டி மெடோ என்ற நிறுவனத்தை அமைத்தது. அவர்கள் டைட்டனுக்காக வாட்ச் பட்டைகளின் கண்ணிகளைக் கோத்தார்கள். கிரானைட் குவாரியும் மாந்தோப்பும் இருந்த வட்டாரத்தில் மில்லிமீட்டரின் பின்னத்தைக் கண்ணால் பிடிக்கும் ஒரு தலைமுறை இப்படித்தான் உருவானது.

அந்தக் கைகளும் கண்களும் எட்டிய சிகரம் 2002-ல் வந்த எட்ஜ். உள்ளே இருக்கும் இயக்கத்தின் தடிமன் 1.15 மில்லிமீட்டர். முழு வாட்சும் சேர்த்தே 3.5 மில்லிமீட்டர். சுவிஸ்காரர்கள் முடியாது என்று சொன்ன வேலை. உலகிலேயே மெலிந்த வாட்ச் என்று சிலர் பெருமைக்குச் சொல்வார்கள், அது சரியல்ல. 1979-லேயே டெலிரியம் என்ற சுவிஸ் வாட்ச் இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கிவிட்டது. எட்ஜின் சாதனை வேறு. அவ்வளவு மெலிந்த உடம்பில் நீர் புகாமல் காத்தார்கள். மெல்லிய கூடு என்றால் மூடி லேசாக வளைந்தாலே இடைவெளி விழும், ரப்பர் வளையம் உட்காரவே இடம் இருக்காது. அதில் 30 மீட்டர் அளவுக்கு நீர்த்தாங்கலைக் கொண்டுவந்தார்கள். 30 மீட்டர் என்றால் மழைக்கும் கை கழுவுவதற்கும் போதும். அதை நம்பி கிணற்றில் குதித்துவிட வேண்டாம்.

ஆக, இரண்டும் நேரெதிர்த் திசையில் போனவை. பீல்காரர்கள் ஒரு சின்னக் கூட்டுக்குள் எவ்வளவு வேலையை அடைக்கலாம் என்று பார்த்தார்கள். ஓசூர்காரர்கள் எதை எதை எடுத்தாலும் வாட்ச் வாட்சாகவே இருக்கும் என்று பார்த்தார்கள்.

நேரம் காட்டுவதில் யார் கெட்டி? சந்தேகமே இல்லாமல் ஓசூர். எட்ஜுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை துடிக்கிறது, மாதத்துக்குச் சில விநாடிதான் முன்பின் போகும். ஸ்பீட்மாஸ்டருக்கு நாளொன்றுக்கு ஐந்து விநாடிவரை முந்துவது தரச் சான்றே அனுமதிக்கும் எல்லை. லட்சங்கள் கொடுத்து வாங்கியது மாதக் கடைசியில் இரண்டு நிமிடம் முந்தியிருக்கலாம், சில ஆயிரங்களுக்கு வாங்கியது சரியாகவே இருக்கும். இதை முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஃபோனோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மாமா ஒருவர் கட்டாயம் கேட்பார்.

நீண்ட நாள் வாழ்வு என்று வரும்போது தராசு சாய்கிறது. பெங்களூர் ஹெச்.எம்.டி. ஜனதாவை எடுத்துக்கொள்ளுங்கள். 17 கல், தினம் காலையில் சாவி. ஹெச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஆனாலும் தாத்தாவின் ஜனதாவை ஒரு பழைய வாட்ச் கடைக்காரர் பிரித்து, கழுவி, எண்ணெய் போட்டு ஓட வைத்துவிடுவார். நிறுவனம் செத்த பிறகும் வாட்ச் பிழைத்திருப்பது பல்சக்கர இயக்கத்தின் வரம். குவார்ட்ஸில் மின்சுற்றுப் பலகை போய்விட்டால் இயக்கத்தையே மாற்ற வேண்டும். அந்த இயக்கம் அப்போது தயாரிப்பில் இருக்க வேண்டும். எட்ஜ் போன்ற தனித்த வடிவத்துக்கு வேறொன்றைத் தேடிப் பொருத்தவும் முடியாது. செல் மாற்றுவதைக்கூட பஸ் ஸ்டாண்ட் கடையில் கொடுக்காமல் டைட்டனின் சேவை மையத்தில் செய்துகொள்வதே உத்தமம்.

ஆனால் ஸ்பீட்மாஸ்டர் ஜனதா அல்ல. கிரோனோகிராஃபைப் பிரித்துச் சேர்ப்பது எல்லாக் கடைக்காரராலும் ஆகிற காரியம் இல்லை. ஐந்திலிருந்து எட்டு வருடத்துக்கு ஒரு முறை முழு சர்வீஸ் தேவைப்படும், அதற்குப் பெங்களூர்தான் போக வேண்டும். ஒரு சர்வீஸுக்கு ஆகும் பணத்தில் எட்ஜ் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம். பரம்பரைச் சொத்து என்று கொடுக்கும்போது கூடவே ஒரு தவணைச் செலவையும் கொடுக்கிறோம். பேரனுக்கு அது பெருமையா பாரமா என்பது அவன் வருமானத்தைப் பொறுத்தது.

வாங்குவதில் உள்ள நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லை தாண்டினால் விலை மலிவு என்பது பழைய காலம். வாட்சுக்கு ஓசூரிலும் பெங்களூரிலும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான். இரண்டு லட்சத்தைத் தாண்டினால் பான் எண் கேட்பார்கள், ரொக்கமாக வாங்க மாட்டார்கள். பத்து லட்சத்தைத் தாண்டினால் 2025 ஏப்ரல் 22 முதல் ஒரு சதவீத வரிப் பிடித்தம் உண்டு, அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளோடு இந்தியா செய்த வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1-ல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. சுவிஸ் வாட்சின் சுங்க வரி ஏழு ஆண்டுகளில் படிப்படியாக இறங்கும். கடை விலையும் அதே வேகத்தில் இறங்கும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம், நிறுவனங்கள் விலையை ஏற்றுவதும் வாடிக்கைதான்.

யாருக்கு எது? ரிட்டையர் ஆகும் அப்பாவுக்குக் கிரோனோகிராஃப் வாங்குவதில் எனக்கு ஒரு சங்கடம். அசெம்பிளி லைனில் இருந்தவர் என்றால் ஸ்டாப் வாட்சோடு பக்கத்தில் வந்து நின்று டைம் ஸ்டடி எடுத்த அதிகாரிகளை அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு போல்ட் முடுக்க எத்தனை விநாடி, குனிந்து நிமிர எத்தனை விநாடி என்று முப்பது வருடம் அளக்கப்பட்டவர். அவர் கையில் போய் விநாடியின் பின்னத்தை அளக்கும் கருவியைக் கட்டுவானேன்? சட்டைக் கைக்குள் இருப்பதே தெரியாத எட்ஜ் அவருக்குப் பொருத்தம். அவரோ அவர் நண்பரோ அதன் ஒரு பாகத்தைத் தொட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.

வேலைக்குச் சேரும் மகளுக்கு வேறு கணக்கு. அவளுக்கு முன்னால் நாற்பது வருடம் இருக்கிறது. தினமும் சாவி கொடுக்கும் பழக்கத்தை விரும்புகிறவளாகவும், சர்வீஸ் செலவைத் தாங்கும் சம்பளக்காரியாகவும் இருந்தால் ஸ்பீட்மாஸ்டர் அர்த்தமுள்ள பரிசு. 42 மில்லிமீட்டர் அவள் மணிக்கட்டில் எப்படி உட்காருகிறது என்று கட்டிப் பார்த்தே வாங்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. பிளாஸ்டிக் கண்ணாடி போட்ட ஸ்பீட்மாஸ்டரின் பின்மூடியில் நாசா ஒப்புதலும் நிலவில் அணிந்த முதல் வாட்ச் என்பதும் ஏற்கெனவே பொறிக்கப்பட்டிருக்கும். வேறொருவருடைய மைல்கல் இருக்கும் இடத்தில் நம் வீட்டு நாளைப் பொறிக்க இடம் இருக்காது. சஃபையர் மாடலில் பின்மூடியும் கண்ணாடி, அங்கேயும் முடியாது. பெயரும் தேதியும் வேண்டுமென்றால் பட்டையின் கொக்கியில் பொறிக்கலாம். கடையில் பணம் கட்டுமுன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள், பில்லையும் அவள் பெயரிலேயே போடச் சொல்லுங்கள்.