செஞ்சிக் கோட்டையும் அரசியல் படிப்பும்

செஞ்சியையும் அதன் ஆட்சியாளர்களையும் பற்றிய விரிவான ஆங்கில வரலாற்று நூலை 1943இல் வெளியிட்டது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். நூலாசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரி அங்கு வரலாறு, அரசியல் ஆகிய இரண்டிற்கும் சேர்த்தே பேராசிரியராக இருந்தவர். அரசு, ஆட்சியமைப்பு, அதிகாரப் பகிர்வு ஆகியவற்றை முறைப்படி ஆராயும் அரசியல் அறிவியல், தமிழகக் கல்லூரிகளில் நெடுங்காலம் வரலாற்றின் துணைப்பாடமாகவே நடத்தப்பட்டுப் பின்னரே தனித்துறையாக வளர்ந்தது. இப்பிரிவால் இரு துறைகளும் ஓரளவு இழந்தன என்றே கொள்ள வேண்டும். அதற்குச் செஞ்சியே தக்க சான்று.

1677இல் சிவாஜி கைப்பற்றிய இக்கோட்டைக்கு, முகலாயர் மராட்டிய நாட்டை நெருக்கியபோது, 1689இல் அவர் மகன் இராஜாராம் வந்து சேர்ந்து அரசவையை அமைத்தார். நெடுந்தொலைவில் இருந்த தாயகத்தின் நிர்வாகத்தை அமைச்சர் இராமச்சந்திர பந்த் கவனிக்க, செஞ்சியில் எட்டு அமைச்சர்கள் அடங்கிய அஷ்டபிரதான் அவைக்கும் மேலாக, மன்னர் சார்பில் செயல்படும் ‘பிரதிநிதி’ என்னும் புதிய பதவி உருவாக்கப்பட்டுப் பிரகலாத் நிராஜிக்கு அளிக்கப்பட்டது. கருவூலம் வறண்டிருந்தமையால், முகலாயரிடமிருந்து படைத்தலைவர்கள் மீட்கும் நிலங்களின் வருவாயை, படை வைத்துப் போரிடுவதற்கு ஈடாக அவர்களுக்கே மானியமாக விடும் சரஞ்சாம் முறை, சிவாஜி தவிர்க்க முயன்றதாயினும், பெருகியது. 1698இல் கோட்டை முகலாயத் தளபதி சுல்பிகர் கானிடம் வீழ்ந்தும் அரசு பிழைத்தது. ஆயினும் அதே மானியங்கள் பின்னாளில் மராட்டிய ஆட்சியைத் தன்னுரிமைத் தலைவர்களின் கூட்டாக மாற்றின. நெருக்கடியில் பகிர்ந்த அதிகாரத்தை அமைதிக் காலத்தில் மீட்க இயலுமா என்னும் வினாவுக்கு இதைவிட நல்ல பாடம் எந்த வகுப்பறைக்கும் கிடைப்பது அரிது.

சென்னை மாகாணத்தில் 1929இலேயே பணியாளர் தேர்வாணையம் அமைந்துவிட்டதால், அரசுப் பணியை நாடும் பட்டதாரிகளுக்கு அரசியல் அறிவியல் படிப்பு இயல்பாகவே துணைநின்றது. இன்று இந்தியக் குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் 1750 மதிப்பெண்களில் 500 விருப்பப் பாடத்துக்குரியவை. தேர்வர் தாமே தெரிந்துகொள்ளும் அப்பாடங்களுள் அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும் ஒன்று. கல்லூரி ஆசிரியப் பணி, சட்டம், இதழியல் ஆகியவற்றிலும் வாய்ப்புகள் உண்டு.

ஆனால் தேர்வு மட்டுமே இப்படிப்பின் பயன் என எண்ணுவது குறுகிய பார்வை. அதிகாரப் பகிர்வு இன்று நடைபெறும் விதத்தைச் செஞ்சிக்கு அருகிலேயே காணலாம். செஞ்சி வட்டத்திலுள்ள வல்லம், பல கிராம ஊராட்சிகளை இணைக்கும் ஊராட்சி ஒன்றியம் ஒன்றின் தலைமையிடம். 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி, ஊரின் வாக்காளர் அனைவரும் உறுப்பினராகும் கிராமசபை, இப்போது ஆண்டுக்கு ஆறு நாள் கூடுவதாக வரையறுக்கப்பட்டுள்ளது. குடிநீர், தெருவிளக்கு முதல் வரவுசெலவு வரை அங்கு பேசப்படுபவை தீர்மானங்களாகப் பதிவாகின்றன. செஞ்சிக் கோட்டை 2025இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நிலையில், கோட்டையின் ஆட்சி வரலாற்றோடு வல்லத்தின் தீர்மானப் பதிவேடுகளையும் முதுகலை மாணவர்கள் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ளப் பல்கலைக்கழகத் துறைகள் வழிகாட்ட வேண்டும்.