காவஸ்ஜியின் மூக்கு

சென்ற ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகள் தனியாக வீட்டுக்கு வந்திருந்தாள். வயது இருபத்தாறு. மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை. காப்பி குடித்து முடிக்கும்வரை எதையும் சொல்லவில்லை. பிறகு கைபேசியைத் திறந்து என் முன் வைத்தாள். திரையில் அவள் முகமே இரண்டு முறை இருந்தது: ஒன்று உள்ளபடி, மற்றொன்று கணினி திருத்தியபடி. இரண்டாவதில் மூக்கின் நடுவே இருந்த எலும்புப் புடைப்பு மறைந்து, நுனி சற்று மேலெழும்பியிருந்தது. "பண்ணிக்கலாமா மாமா?" என்றாள்.

பின்னணி எனக்குத் தெரிந்ததுதான். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் தரகர் வழியாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள்: பெண் லட்சணம்தான், படிப்பும் சரி, மூக்குதான் கொஞ்சம் தூக்கல். அக்கா அன்றிரவு தொலைபேசியில் அழுதபோது சொன்ன வாக்கியம், "நம்ம குடும்பத்தையே மூக்கறுத்துட்டுப் போய்ட்டாங்கடா" என்பது. நான் தமிழ் கற்பிப்பவன். மரபுத்தொடர் தன் நேர்ப்பொருளை இவ்வளவு நெருங்கி வந்து நிற்பதை அதற்கு முன் கேட்டதில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த மூக்கு எங்கள் தாய்வழிப் பாட்டியுடையது. என் முகத்திலும் அதுவேதான் இருக்கிறது. நாற்பத்தேழு ஆண்டுகளில் அதைப் பற்றி ஒருவரும் என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. எனக்குப் பெண் பார்க்கப் போனபோதும் யாரும் அதை அளந்து பார்க்கவில்லை. ஆகவே "இயற்கை கொடுத்ததை ஏன் மாற்ற வேண்டும்" என்ற உயர்ந்த வாசகம் நாவின் நுனிவரை வந்தும் அதை விழுங்கிக்கொண்டேன். "ஒரு வாரம் கொடு" என்றேன். அந்த ஒரு வாரம் படித்தவையே இக்கட்டுரை.

தொடங்க வேண்டிய இடம் ஒரு மாட்டுவண்டிக்காரர். பெயர் காவஸ்ஜி. மராத்தியக் குடியானவர். மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு வண்டி ஓட்டிச் சென்றவர், 1792இல் திப்பு சுல்தானின் படையினரிடம் பிடிபட்டார். பகைவருக்கு ஊழியம் செய்ததற்குத் தண்டனையாக அவர் மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டன. ஏறத்தாழ ஓராண்டு மூக்கின்றி வாழ்ந்த பின், புனே அருகில் செங்கல் சூளைக்காரர் மரபைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புதிய மூக்கு வைத்தார். பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர்கள் அதை நேரில் பார்த்தனர். லண்டனிலிருந்து வெளிவந்த 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' இதழின் 1794 அக்டோபர் வெளியீட்டில் இச்செய்தி படத்துடன் அச்சானது.

அந்தச் செய்முறை வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. மெல்லிய மெழுகுத் தகடொன்றை எஞ்சிய மூக்கடியின் மேல் பொருத்தி மூக்கின் வடிவம் செய்கிறார்கள். அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துச் சுற்றிலும் கோடிடுகிறார்கள். கோட்டின் வழியே தோலைக் கீறி உரிக்கிறார்கள். ஆனால் இரு கண்களுக்கும் நடுவே ஒரு சிறு பட்டையை மட்டும் அறுக்காமல் விடுகிறார்கள். பிறகு அத்தோலைத் திருப்பி இறக்கி, மூக்கடியைச் சுற்றிக் கீறிவைத்த விளிம்பில் பதிக்கிறார்கள். தையல் கிடையாது. வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணிப் பட்டைகளில் தடவி ஒட்டுகிறார்கள். நான்கு நாள் கழித்து அதை எடுத்துவிட்டு நெய்யில் தோய்த்த துணி. ஐந்தாறு நாள் மல்லாந்த படுக்கை. பத்தாம் நாள் நாசித் துளைகள் மூடிக்கொள்ளாதிருக்க மெல்லிய துணித் துணுக்குகள். இருபத்தைந்தாம் நாள் வாக்கில் அந்த இணைப்புப் பட்டையை அறுத்துவிடுகிறார்கள்.

எல்லாம் அந்தப் பட்டையில்தான் இருக்கிறது. இடம் மாற்றிய தோலுக்குப் புது இடத்தில் இரத்த நாளங்கள் வேர்விடும்வரை பழைய இடத்திலிருந்து இரத்தம் வந்துகொண்டிருக்க வேண்டும். இல்லையெனில் அது கருகி உதிர்ந்துவிடும். புற்றுநோயால் மூக்கிழந்தவர்களுக்கு இன்றைய மருத்துவமனைகளில் நெற்றித் தோல் கொண்டு செய்யும் சீரமைப்பும் இந்த அடிப்படையில் நிற்பதுதான். செய்தவரின் பெயரை அந்த இதழ் குறிக்கவில்லை, சாதியை மட்டும் குறித்தது. பிற்காலத்தார் சிலர் அவரைக் 'குமார்' என்றே பெயரிட்டு எழுதுவதைப் பார்க்கிறேன். அது குயவரைக் குறிக்கும் கும்ஹார் என்னும் சொல்லாகத்தான் இருக்க முடியும். மண்ணை வனைந்த கை மூக்கையும் வனைந்தது. பெயர் மட்டும் நிற்கவில்லை.

இதைச் சொன்னவுடன் சுசுருதரை இழுத்துவந்து பெருமை பேசுவது நம் வழக்கம். சுசுருத சம்ஹிதையில் மூக்கு ஒட்டும் முறை இருப்பது உண்மையே. ஆனால் அதில் சொல்லப்படுவது கன்னத்துத் தோல்; நெற்றித் தோல் அன்று. இலையொன்றால் மூக்கை அளந்து, அந்த அளவுக்குக் கன்னத்துத் தோலை எடுத்து ஒட்டி, மூச்சுவிட இரு குழல்களைச் செருகச் சொல்கிறது நூல். எனக்குச் சுவையாகப் பட்டது அதன் பின் வருவது: ஒட்டிய மூக்கு குறைந்திருந்தால் வளர்க்க முயல வேண்டும், தசை மிகுந்திருந்தால் சமப்படுத்த வேண்டும் என்கிறது. மூக்கு இருந்தால் போதும் என்று அந்த மருத்துவன் கருதவில்லை. பார்வைக்கும் சரியாக இருக்க வேண்டும் என்ற கவலை அவனுக்கு இருந்திருக்கிறது.

இத்தனை மூக்குகளை ஒட்டவேண்டிய தேவை இந்நாட்டில் ஏன் வந்தது என்பதற்குக் கம்பனிடம் போகவேண்டும் என்பதில்லை. சூர்ப்பணகை கதையைச் சிறுபிள்ளையும் அறியும். தண்டனையாக மூக்கறுப்பது நீண்ட வழக்கம். நம் மதுரை வரலாற்றிலேயே மூக்கறுப்புப் போர் என்று ஒன்று உண்டு. 1656 வாக்கில், திருமலை நாயக்கரின் இறுதிக் காலத்தில், மைசூர் மன்னர் கண்டீரவ நரசராசரின் படை சத்தியமங்கலம் வழியாக மதுரை நாட்டுக்குள் புகுந்தது. அகப்பட்ட ஆண், பெண், குழந்தை எல்லோருடைய மூக்கையும் மேலுதட்டோடு அறுத்து மூட்டைகளாக மைசூருக்கு அனுப்பினார்கள்; மூக்குக் கணக்குப்படி வீரர்களுக்குப் பரிசு என்று ஏசு சபைப் பாதிரிமாரின் கடிதங்கள் சொல்கின்றன. சேதுபதி துணைக்கு வந்து மைசூர்ப் படையை விரட்டினார். பிறகு மதுரைப் படை மைசூர் நாட்டுக்குள் சென்று அதையே திருப்பிச் செய்தது. உயிரை எடுக்காமல் மூக்கை எடுத்ததன் கணக்கு எளிது. செத்தவன் ஒரு நாளில் மறக்கப்படுவான். மூக்கறுபட்டவன் ஆயுள் முழுவதும் சந்தையில், கோயிலில், கிணற்றடியில் தோல்வியைச் சுமந்து திரிவான்.

ஐரோப்பாவில் மூக்கின்மைக்கு வேறொரு அவமானம் சேர்ந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய சிபிலிஸ் நோய் மூக்குத்தண்டை அரித்துச் சரித்தது. வாள்வீச்சில் மூக்கிழந்தவனும் அந்தச் சந்தேகத்துக்குத் தப்பவில்லை. பொலோனாவின் தாலியகோட்சி, கைத்தோலை மூக்கில் இணைத்து, கையைத் தலையோடு வாரக்கணக்கில் கட்டிவைக்கும் முறையை 1597இல் பெரிய நூலாகவே எழுதினார். அவருக்குப் பின் அக்கலை அங்கே ஏறக்குறைய மறைந்துபோயிற்று. ஆகவேதான் காவஸ்ஜியின் படம் லண்டனில் அவ்வளவு பேசப்பட்டது. அதைப் படித்த ஜோசப் கார்ப்பூ என்னும் மருத்துவர் இந்தியாவிலிருந்து திரும்பியவர்களை விசாரித்து, பிணங்களின்மேல் பழகி, 1814 அக்டோபர் 23இல் ஓர் இராணுவ அதிகாரிக்குப் புனே முறையில் மூக்கு வைத்தார். மயக்க மருந்து வருவதற்கு இன்னும் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்தன. அந்த அதிகாரி விழித்தபடி படுத்து நெற்றித் தோலை உரிக்கக் கொடுத்தார்.

இந்த இடத்தில்தான் என் எண்ணம் தடுமாறியது. இழந்ததை மீட்பது மருத்துவம், இருப்பதை மாற்றுவது ஒப்பனை என்று அக்கா மகளுக்குச் சொல்லலாமென்று நினைத்திருந்தேன். ஆனால் காவஸ்ஜி எதை மீட்டார்? மூக்கில்லாமலும் மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருந்தார். நெற்றித் தோலால் செய்த மூக்கில் எலும்பும் இல்லை, குருத்தெலும்பும் இல்லை. போன கையை எந்தக் குயவரும் திருப்பித் தரவில்லை. உழைப்பாளிக்கு மூக்கைவிடக் கை அல்லவா பெரிது? ஆனாலும் அவர் நாடிப்போனது மூக்குக்காகத்தான். அவருக்கு வேண்டியிருந்தது, தெருவில் நடக்கும்போது பிறர் தன்னை மறுபடி திரும்பிப் பார்க்காதிருப்பது.

இருப்பதை மாற்றிய கதை பிற்பட்டது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஜான் ஆர்லாண்டோ ரோ என்பவர் 1887இல் சப்பை மூக்கைத் துளையின் உள்வழியாகவே, வெளியே வடுத் தெரியாமல், திருத்தும் முறையை வெளியிட்டார். ஆனால் இத்துறையின் முக்கியமான மனிதர் பெர்லினின் ஜாக் ஜோசப். யூதர். யாக்கோப் என்ற பெயரை ஜாக் என்று மாற்றிக்கொண்டவர். மாணவப் பருவத்து வாட்போர் வடு முகத்தில் இருந்தது. அவரும் ஒரு முகத்திருத்தத்தைத் தனக்குச் செய்துகொண்டவர்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. 1896இல் விடைத்த காதுகளுக்காகப் பள்ளியில் கேலிக்கு ஆளான சிறுவனொருவனுக்கு அவர் காதைச் சரிசெய்தார். அதற்காக அவர் பணியாற்றிய மருத்துவமனையிலிருந்து நீக்கப்பட்டார். நோயில்லாத உடலைக் கீறுவது மருத்துவன் வேலை அன்று என்பது மேலதிகாரிகளின் எண்ணம்.

அந்தச் சிறுவனின் கதையைக் கேள்விப்பட்டு இருபத்தெட்டு வயது நிலவுடைமையாளர் ஒருவர் அவரிடம் வந்தார். மூக்கு மிகப் பெரியது. எங்கு போனாலும் மனிதர்கள் வெறிக்கிறார்கள். வீட்டைவிட்டு வெளியே வரவே பிடிக்கவில்லை என்றார். 1898 சனவரியில், முதலில் ஒரு பிணத்தின்மேல் செய்து பார்த்துவிட்டு, ஜோசப் அந்த மூக்கைச் சிறிதாக்கினார். அதே ஆண்டு மே மாதம் பெர்லின் மருத்துவச் சங்கத்தின்முன் அதை விளக்கியபோது அவர் முன்வைத்த வாதம், அழகைப் பற்றியதே அன்று. மனச்சோர்வுக்குச் செய்த சிகிச்சை இது என்றார். விருந்துகளைத் தவிர்த்துவந்த கணவர் இப்போது தாமே விருந்தளிக்க விரும்புகிறார் என்று அந்த மனிதரின் மனைவி வந்து மகிழ்ந்து சொன்னதைச் சான்றாகக் காட்டினார்.

நியாயமான வாதம். அதன் மறுபக்கத்தையும் காலம் காட்டியது. பெர்லினில் பெரிய வளைந்த மூக்கு என்பது வெறும் மூக்காக இல்லை. அது யூத அடையாளமாகக் கேலிச்சித்திரங்களில் வரையப்பட்டது. அம்மூக்குகளைத் திருத்திக்கொள்ள அவரிடம் பலர் வந்தார்கள். ஜோசப் 1934 பிப்ரவரியில், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த மறு ஆண்டில் இறந்தார். அந்த ஆட்சி பின்னர் யூதரைத் தேடியது பாட்டன் பாட்டியரின் பதிவேடுகளில். மூக்கின் வளைவு அவர்களுக்குத் தேவைப்படவே இல்லை.

ஜோசப்பின் நோயாளியைப் போல எல்லோரும் மகிழ்ந்து திரும்புவதில்லை என்பதையும் மருத்துவர்கள் இப்போது அறிவார்கள். கண்ணாடியில் பிறர் காணாத குறையைத் தாம் கண்டு வதைபடும் மனநோய் ஒன்று உண்டு. மூக்குத் திருத்தம் வேண்டி வருவோரிடையே அது மற்றவரைவிட மிகுதி. அவர்களுக்கு மூக்கு மாறினாலும் வதை மாறுவதில்லை.

அடுத்த ஞாயிறு அவள் வந்தாள். நான் சேகரித்ததையெல்லாம் சொன்னேன். அவள் பார்த்த மருத்துவர் நேர்மையானவராகத் தெரிகிறது. மூச்சுக்குக் குறையொன்றும் இல்லை, இது முழுக்கத் தோற்றத்துக்கானது என்று முதலிலேயே சொல்லியிருக்கிறார். முழு மயக்கத்தில் எலும்பை உடைத்துச் சீராக்க வேண்டும், வாரக்கணக்கில் கட்டு, வீக்கம் முழுதும் வடிய ஓராண்டு ஆகலாம், சிலருக்கு இரண்டாம் முறையும் செய்ய நேரும், கணினிப் படம் வாக்குறுதி அன்று என்றும் சொல்லியிருக்கிறார். கடைசியாக, "இது யாருக்காகம்மா?" என்று கேட்டிருக்கிறார். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் என்னிடம் வந்தாளாம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தாள். "மாமா, அந்த ஜெர்மன்காரருக்குக் கல்யாணம் ஆகியிருந்துச்சுல்ல?" என்றாள்.

ஆமென்றேன்.

"அப்போ பழைய மூக்கோட அவரைப் பார்த்து ஒருத்தி கூட இருந்திருக்கா. பண்ணினதுக்கப்புறமும் அவளே இருந்திருக்கா." மறுபடி யோசித்தாள். "நான் இப்ப பண்ணிக்கிட்டா, வரப்போறவனுக்கு எந்த மூக்கு தெரியும்? நாளைக்கு ஒரு பொண்ணு பொறந்து அதுக்குப் பாட்டி மூக்கு வந்தா, அவங்க என்னைக் கேப்பாங்க, இது யார் மூக்குன்னு."

எனக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. முதற்காது குத்தியபோது அவள் என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். தட்டான் ஊசியை எடுத்ததும் என் சட்டையைக் கடித்துக்கொண்டாள். அது நினைவுக்கு வந்தது.

மருத்துவரிடம் வாங்கிவைத்திருந்த நாளை ரத்து செய்யவில்லை, தள்ளிவைத்திருக்கிறாள். தரகரிடம் மட்டும், இனி வருகிறவர்களிடம் முன்னதாகவே பக்கவாட்டுப் படத்தைக் காட்டிவிடச் சொல்லியிருக்கிறாளாம். அக்காவுக்கு அதில் ஒப்புதல் இல்லை. நேற்றும் தொலைபேசியில், "உன்னாலதான் எல்லாம்" என்று என்னைத்தான் திட்டினாள்.