துணி நாப்கினுக்கு வீட்டிலேயே சாயம் போடலாமா? மஞ்சள் நிற்காது, வெங்காயத் தோல் நிற்கும்

தீபாவளி திறந்த இல்ல உபசரிப்பில் டிஷ்யூ பெட்டிக்குப் பதிலாக நீங்களே சாயம் போட்ட துணி நாப்கினை வைக்க நினைக்கிறீர்களா? வேலை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அதில் வாய் துடைக்கப் போகிறார்கள். விருந்தாளியின் உதட்டில் நீலம் ஒட்டினால் கதை கந்தல்தான்.

முதலில் துணி. 4 முழ பருத்தி வேட்டி ஒன்றிலிருந்து 40 சென்டிமீட்டர் சதுரத்தில் 8 நாப்கினாவது வெட்டலாம். கஞ்சி போக நன்றாகத் துவைத்துவிடுங்கள். பாலியஸ்டர் கலந்திருந்தால் வேண்டாம்; இங்கே சொல்லும் சாயங்கள் அதில் பிடிக்காது. சந்தேகமா? ஓரத்து நூல் ஒன்றை எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, கெட்டியான உருண்டையாகிவிடும்.

சாயம் என்றதும் பலரும் மஞ்சள்தூளைத்தான் தேடுவார்கள். நிறம் உடனே ஏறும், ஆனால் சோப்பு பட்டதும் சிவக்கும். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்ததும் சிவப்பாவதைப் பார்த்திருப்பீங்க. மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் அப்படித்தான் மாறும். வெயிலில் வெளுத்தும் போகும். (சட்டையில் பட்ட கறிக்குழம்புக் கறைக்கும் இதே வைத்தியம்தான்: துவைத்து வெயிலில் போடுங்கள்.) நாசி கெராபுவுக்கு நீலம் தரும் சங்குப்பூவும் துணியில் நிலைக்காது. அதைச் சோற்றோடு விட்டுவிடுங்கள்.

சரி, அப்போ எதுதான் நிற்கும்?

வெங்காயத் தோலோடு படிகாரம். திருஷ்டிக்குக் கட்டும் அதே படிகாரம்தான். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா பக்கம் பூஜைப் பொருள் கடைகளில் கேட்டுப் பாருங்கள். துணியை முதலில் கெட்டியான தேயிலைச் சாற்றில் ஊறவையுங்கள். பருத்தியில் படிகாரம் பிடிக்க அது உதவும். பிறகு 100 கிராம் துணிக்கு 15 கிராம் படிகாரத்தைச் சுடுநீரில் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். துணியின் எடைக்குச் சமமான வெங்காயத் தோலைக் கொதிக்கவைத்து வடிகட்டி, அதில் துணியைச் சிறு தீயில் இன்னொரு மணி நேரம் விட்டால் பொன்னிறம் ஏறும்.

பளிச்சென்ற நிறம் வேண்டுமென்றால் ரியாக்டிவ் சாயம். 1956-இல் பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் அறிமுகப்படுத்திய வகை இது. மலேசிய பாத்தேக் துணிகளில் தூரிகையால் தீட்டுவதும் இதைத்தான். மற்றவைபோல் மேலே ஒட்டாமல், பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பாகவே சேர்ந்துவிடும். அதற்குக் காரம் வேண்டும். பாத்தேக் பட்டறைகளில் சோடியம் சிலிக்கேட், வீட்டில் சோடா ஆஷ். சோடா நீரில் ஊறிய துணியில் சாயத்தை ஊற்றி, பிளாஸ்டிக் பையில் சுற்றி ஓர் இரவு வையுங்கள். நம் ஊர் வெப்பமே போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். சாயத்தூளை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா போன்ற ஒவ்வாமை வரலாம். முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு கரையுங்கள். அந்தப் பாத்திரம் திரும்பச் சமையலுக்கு வரக்கூடாது. அலசும் தண்ணீர் தெளியும்வரை அலசி, காய்ந்தபின் ஈரமான வெள்ளைத் துணியை வைத்து அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் மேசைக்கு அனுப்பாதீர்கள்.

வேலைப்பாடு வேண்டுமா? 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியின் முறை வீட்டுக்கு ஏற்றது. துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் போட்டால், கட்டிய இடம் வெள்ளையாக நிற்கும். புதியவர்கள் உள்ளே ஒரு கடலைப் பருப்பை வைத்துக் கட்டலாம், பிடிக்கச் சுலபம்.

மெழுகால் கோடு வரையும் பாத்தேக்கை மட்டும் அடுப்பங்கரையில் முயல வேண்டாம் என்றுதான் சொல்வேன். சூடேறிய மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றுவது இன்னும் ஆபத்து. ஆசை இருந்தால் கோலாலம்பூர், ஜாலான் கொன்லேயில் உள்ள கொம்ப்லெக்ஸ் கிராஃப்டுக்குப் போங்கள். அங்கே வருகையாளர்களும் பாத்தேக் தீட்டிப் பார்க்கலாம்.