எடையிழப்பு ஊட்டி

எடையிழப்பு ஊட்டி என்பது தூள்களையும் குருணைகளையும் குறித்த வீதத்தில் பொறிகளுக்குள் செலுத்தும் கருவி ஆகும். நெகிழி, உணவு, மருந்துத் தொழில்களில் இது பயன்படுகிறது. பெயரில் இழப்பு இருப்பினும் எதுவும் வீணாவதில்லை. தொட்டியின் எடை குறைவதையே இப்பெயர் குறிக்கிறது.

தூளைத் தள்ளும் திருகை ஒரே வேகத்தில் சுழற்றினால் மட்டும் சீரான வீதம் கிடைக்காது. தூளின் பருமஅடர்த்தி காற்றுப் புகுந்தால் குறையும், அழுந்தினால் கூடும். ஆகவே இக்கருவியில் தொட்டி, திருகு, மோட்டார் ஆகியன எடை உணரிகளின் மேல் பொருத்தப்படுகின்றன. மணிக்கு 36 கிலோகிராம் தேவையெனில், மொத்த எடை நொடிக்கு 10 கிராம் வீதம் குறைய வேண்டும். அதனினும் மெதுவாகக் குறைந்தால் கட்டுப்படுத்தி திருகின் வேகத்தைக் கூட்டும். விரைவாகக் குறைந்தால் தணிக்கும்.

தொட்டியை மீண்டும் நிரப்பும் வேளையில்தான் சிக்கல் எழுகிறது. அப்போது எடை ஏறுவதால் வெளியேறும் அளவை அறிய இயலாது. திருகு முந்தைய வேகத்தை ஒட்டியே இயக்கப்படும். மேலிருந்து விழும் தூள் அடியிலுள்ளதை அழுத்துவதால் அதே வேகத்தில் கூடுதல் தூள் வெளியேறலாம். தொடர்முறை மாத்திரைத் தயாரிப்பில் இது மருந்தின் விகிதத்தையே மாற்றக்கூடும். எனவே தொட்டி வெகுவாகக் காலியாகும் முன்பே சிறிய அளவுகளில் அடிக்கடி நிரப்புவர். அருகில் வீசும் காற்றும் அதிர்வும்கூட எடை அளவீட்டைப் பாதிக்கும்.