தேய்ந்தவையும் வெட்டப்பட்டவையும்: ஆங்கில ஒட்டுகளின் வரலாறு

பள்ளிக்கூட ஆங்கில இலக்கணப் புத்தகத்தில் முன்னொட்டும் பின்னொட்டும் அட்டவணையாக வரும். 'அன்', 'டிஸ்', 'ரீ' ஒரு பக்கம். 'னெஸ்', 'ஃபுல்', 'ஏபிள்' இன்னொரு பக்கம். மொழி பிறந்தபோதே அவற்றை யாரோ அடுக்கி வைத்தார்கள் போலும் என்று மாணவர் நினைத்தால் அது அவர் குற்றமில்லை. ஆனால் பழைய ஆங்கிலச் சான்றுகளிலிருந்து படித்துக்கொண்டு வந்தால், பிறப்பு தெரிகிற ஒட்டுகளில் பெரும்பாலானவை முன்பு முழுச்சொல்லாகவோ முழுச்சொல்லின் ஒரு துண்டாகவோ இருந்தவை என்பது புலப்படும். சில சொற்கள் தேய்ந்து ஒட்டாயின. வேறு சிலவற்றின் வாலைப் பேசுபவர்களின் காதே வெட்டியெடுத்தது. இரண்டாவது வழியை வரலாற்றாசிரியர்கள் 'கடன் வாங்கியது' என்று ஒரே சொல்லில் கடந்துவிடுகிறார்கள். அந்த விளக்கம் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் தேய்ந்தவை. 'கிங்டம்', 'ஃப்ரீடம்', 'விஸ்டம்' ஆகியவற்றின் ஈற்றில் உள்ள 'டம்', பழைய ஆங்கிலத்தில் 'டோம்' என்னும் தனிப் பெயர்ச்சொல். தீர்ப்பு, சட்டம், அதிகாரம் என்று பொருள். 1086-இல் வில்லியம் மன்னர் இங்கிலாந்தின் நிலபுலன்களைக் கணக்கெடுத்த 'டூம்ஸ்டே' பதிவேட்டின் பெயரிலும், இன்று அழிவைக் குறிக்கும் 'டூம்' என்ற சொல்லிலும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. 'சைல்ட்ஹுட்' முதலியவற்றில் வரும் 'ஹுட்' அவ்வளவு கொடுத்துவைத்ததல்ல. ஆள், தகுதி, நிலை என்ற பொருள்களில் வழங்கிய 'ஹாட்' தனிச்சொல்லாக மடிந்துபோனது. ஒட்டாக மட்டுமே பிழைத்தது.

'லி' கதை இன்னும் விசித்திரமானது. அதன் மூலம் 'லீக்', அதாவது உடல், உருவம். 'ஃப்ரெண்ட்லி' என்றால் முதலில் நண்பனின் உருவம் கொண்டது. அதே சொல் ஜெர்மனில் பிணத்தைக் குறிக்கும் 'லைஷ' ஆயிற்று. இங்கிலாந்துத் தேவாலய முற்றங்களில் சவப்பெட்டியை இறக்கிவைத்துக் காத்திருக்கும் கூரை போட்ட வாசலுக்கு இன்றும் 'லிச்கேட்' என்றுதான் பெயர். பழைய ஆங்கிலத்தில் பெயரடையின் பின்னே ஓர் 'எ' சேர்த்தால் வினையடை. இடைக்காலத்தில் சொல்லின் கடைசி உயிரொலி உச்சரிப்பில் உதிர்ந்தபோது அந்த வேறுபாடும் உதிர்ந்தது. 'ஃபாஸ்ட்', 'ஹார்ட்' போன்றவை பெயரடைக்கும் வினையடைக்கும் ஒரே வடிவோடு நின்றுவிட்டன. மற்ற இடங்களில் வினையடையைக் காட்டும் பொறுப்பு 'லி' தலையில் விழுந்தது.

பொருள் எவ்வளவு தூரம் நழுவும் என்பதற்கு 'ஸ்டர்' நல்ல சான்று. பழைய ஆங்கிலத்தில் 'எரெ' ஆணின் தொழிலுக்கு, 'எஸ்ட்ரெ' பெண்ணின் தொழிலுக்கு. ரொட்டி சுடும் பெண் 'பேக்கெஸ்ட்ரெ', நெய்யும் பெண் 'வெபெஸ்ட்ரெ'. பேக்ஸ்டர், வெப்ஸ்டர், ப்ரூஸ்டர் என்ற குடும்பப் பெயர்கள் இவற்றின் எச்சம். 1828-இல் அமெரிக்க ஆங்கில அகராதி வெளியிட்ட நோவா வெப்ஸ்டரின் பெயருக்குள்ளும் ஒரு நெசவுக்காரி இருக்கிறாள். இத்தொழில்களில் ஆண்களுக்கும் அதே பெயர் வழங்கத் தொடங்கியதும் பெண்பாற்பொருள் மங்கியது. அதைச் சரிக்கட்ட பிரெஞ்சுவழி வந்த 'எஸ்' மேலும் ஒட்டப்பட்டு, 'சீம்ஸ்ட்ரெஸ்' என்னும் இரட்டைப் பெண்பால் உருவானது. பழைய பொருளை விடாமல் வைத்திருந்தது 'ஸ்பின்ஸ்டர்' மட்டுமே. நூல் நூற்பவளைக் குறித்த அச்சொல் பதினேழாம் நூற்றாண்டில் மணமாகாத பெண்ணுக்குரிய சட்டப்பெயராயிற்று; இங்கிலாந்தின் திருமணப் பதிவேடுகளிலிருந்து 2005-இல்தான் நீங்கியது. அதற்குள் 'ஸ்டர்' எங்கோ போய்விட்டது: 'கேம்ஸ்டர்', 'யங்ஸ்டர்', பிறகு அமெரிக்காவில் 'கேங்ஸ்டர்'. ரொட்டி சுட்டவளின் விகுதி கொள்ளைக்காரனுக்குப் போய்ச் சேர்ந்தது.

முன்னொட்டுகளில் இழப்பு அதிகம். ஜெர்மனில் இன்றும் வலுவாக நிற்கும் 'கெ' ஆங்கிலத்தில் 'இ' என்று தேய்ந்து மறைந்தது. 'இனஃப்' என்பதன் முதல் ஒலியில் அதன் தடம் மட்டும் மிச்சம். 'அன்' நிலைத்தது, ஆனால் அது ஒன்றல்ல, இரண்டு. 'அன்கைண்ட்' என்பதில் உள்ளது மறுப்பு. லத்தீன் 'இன்', கிரேக்க 'அ' ஆகியவற்றின் உறவினர். 'அன்டூ' என்பதில் உள்ளது செய்ததைத் திருப்பும் வேறொரு முன்னொட்டு. அது கிரேக்க 'ஆன்டி'யோடு உறவுடையது. ஒலி ஒன்றாகிவிட்டதால் 'அன்லாக்கபிள்' என்ற சொல்லுக்கு இன்று இரண்டு பொருள்: பூட்டவே முடியாதது, பூட்டைத் திறக்கக்கூடியது.

1066-க்குப் பின் வந்த பிரெஞ்சு வெள்ளத்துக்கு வருவோம். ஆங்கிலம் 'ஏபிள்', 'மென்ட்', 'ஏஜ்', 'இட்டி' ஆகிய ஒட்டுகளைக் கடன் வாங்கியது என்று பாடநூல்கள் எழுதுகின்றன. ஒட்டை யாரும் தனியாகக் கடன் வாங்குவதில்லை. வந்தவை முழுச்சொற்கள். 'சேஞ்ச்' ஒரு கடன்சொல், 'சேஞ்சபிள்' இன்னொன்று. இரண்டையும் அருகருகே கேட்ட காது, இடையில் ஒரு தையல் இருப்பதைக் கண்டுகொண்டது. அதன் பிறகுதான் 'ஏபிள்' தனியே கழன்று 'ஈட்டபிள்' போன்று நாட்டுச்சொல்லின் மேல் ஏறியது. 'காட்' என்ற ஜெர்மானியச் சொல்லில் பிரெஞ்சு 'எஸ்' ஏறி 'காடெஸ்' ஆனதும் இவ்வழியில்தான். எதிர்த்திசையிலும் போக்குவரத்து இருந்தது: பிரெஞ்சு 'பியூட்டி'யில் ஆங்கில 'ஃபுல்' ஏறி 'பியூட்டிஃபுல்' ஆயிற்று.

எல்லா விருந்தாளியும் ஒரே மாதிரி உட்காரவில்லை. 'இட்டி' இன்றுவரை பெரும்பாலும் லத்தீன், பிரெஞ்சு வழிச் சொற்களோடுதான் சேர்கிறது. சேரும்போது 'ஆக்டிவ்' 'ஆக்டிவிட்டி' ஆவதுபோல் அழுத்தத்தையும் இடம் மாற்றுகிறது. 'ஏபிள்' எங்கும் ஏறியதற்கு ஒரு தற்செயலும் துணை செய்தது. 'முடியும்' என்ற பொருளுள்ள 'ஏபிள்' என்ற தனிச்சொல்லும் பிரெஞ்சிலிருந்து வந்தது. இரண்டுக்கும் வேர் வேறு. பேசுபவர்கள் ஒன்றென்றே கொண்டார்கள், ஒட்டுக்குத் தெளிவான பொருள் கிடைத்துவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'ரிலையபிள்' மீது கிளம்பிய சண்டை நினைக்கத்தக்கது. 'ரிலை' என்ற வினை 'ஆன்' என்ற துணையின்றி வராது; ஆகவே அதிலிருந்து 'ஏபிள்' சேர்த்துச் சொல் ஆக்குவது தவறு என்றார்கள் தூய்மைவாதிகள். அதே குறை 'லாஃபபிள்' என்பதற்கும் உண்டு. அதை அவர்களே கூசாமல் எழுதினார்கள்.

தூய்மைவாதம் அதற்கும் பழையது. பதினாறாம் நூற்றாண்டில் லத்தீன் சொற்கள் குவிந்தபோது, ஜான் சீக் தம் மத்தேயு நற்செய்தி மொழிபெயர்ப்பில் நூற்றுவர் தலைவனுக்கு 'ஹண்ட்ரடர்' என்றும், உயிர்த்தெழுதலுக்கு 'கெயின்ரைஸிங்' என்றும் உள்நாட்டு ஒட்டுகளால் சொல் புனைந்தார். ரால்ஃப் லீவர் 1573-இல் தர்க்கநூலுக்கே 'விட்கிராஃப்ட்' என்று பெயர் வைத்தார். உருவாக்கத்தில் ஒரு பிழையும் இல்லை. இருந்தும் ஊர் ஏற்கவில்லை. அதே காலத்தில் 'அன்', 'இன்' ஆகிய இரண்டுக்கும் இடையே இழுபறி நடந்தது. 1611-ஆம் ஆண்டு பைபிள் பதிப்பில் 'அன்பாசிபிள்' என்றே இருக்கிறது. 1776-இல் ஜெஃபர்சன் தம் வரைவில் 'இன்ஏலியனபிள்' என்று எழுதியது, அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் 'அன்ஏலியனபிள்' என்று வெளிவந்தது.

தனி ஒருவர் ஆக்கிய சொல் நிலைத்ததும் உண்டு. அறிவியலில் ஈடுபடுவோருக்குப் பொதுப்பெயர் இல்லாத குறையை 1833-இல் பிரித்தானிய அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தின் கேம்பிரிட்ஜ் கூட்டம் எழுப்பியது. 'ஆர்ட்டிஸ்ட்' போல 'சயின்டிஸ்ட்' எனலாம் என்ற யோசனையை மறு ஆண்டு ஒரு பத்திரிகை மதிப்புரையில் பெயரிடாமல் அச்சேற்றினார் வில்லியம் ஹ்யூவெல். லத்தீன் வேரில் கிரேக்க வால் என்ற முணுமுணுப்பு அறுபது ஆண்டுகள் ஓயவில்லை. டி. எச். ஹக்ஸ்லி 1894-இல்கூட அதை 'எலக்ட்ரோகியூஷன்' என்ற அமெரிக்கப் புதுச்சொல்லோடு ஒரே தட்டில் வைத்து வெறுத்தார். 'எக்ஸிகியூஷன்' என்பதன் வாலை அறுத்து மின்சாரத்தோடு ஒட்டிய சொல் அது.

அந்த அறுவை இருபதாம் நூற்றாண்டில் வழக்கமே ஆகிவிட்டது. ஹாம்பர்க் நகரைச் சேர்ந்தது என்று பொருள்பட்ட 'ஹாம்பர்கர்' இரண்டாக உடைந்து, 'சீஸ்பர்கர்' பிறந்தது. முதல் பாதியில் பன்றியிறைச்சி எதுவும் இல்லை என்பது யாருக்கும் பொருட்டாகவில்லை. 1957-இல் சோவியத் ஸ்புட்னிக் பறந்தது. அடுத்த ஆண்டே சான் பிரான்சிஸ்கோவில் ஹெர்ப் கேன் என்ற பத்தி எழுத்தாளர் 'பீட்னிக்' என்று எழுதினார். 'ஆல்கஹாலிக்' பிளந்து 'வொர்க்கஹாலிக்' தந்தது. 1972-இன் வாட்டர்கேட்டுக்குப் பின் எந்த ஊழலுக்கும் 'கேட்' போதும்.

நம் அலுவலகங்களும் இந்த வேலையைச் செய்திருக்கின்றன. கூட்டத்தைத் தள்ளிப்போடுவது 'போஸ்ட்போன்' என்றால் முன்கூட்டி வைப்பது 'பிரிபோன்' என்பது இந்திய ஆங்கிலத்தின் கணக்கு. லத்தீன் தெரிந்தவரும் குறை சொல்ல முடியாதபடி கச்சிதமானது. தென்னிந்திய ஆங்கிலத்தில் சகலைக்கு 'கோ-பிரதர்', ஓர்ப்படிக்கு 'கோ-சிஸ்டர்'. 'கோ-வொர்க்கர்' என்னும்போது இருவரும் பகிர்வது அடிச்சொல் சொல்லும் வேலையை. 'கோ-பிரதர்' என்னும்போது இருவரும் சகோதரர்களே அல்லர். பகிர்வது மாமனார் வீட்டை. இந்த உறவுக்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் கிடையாது. 'பிரதர்-இன்-லா' என்ற ஒரே பெயருக்குள் மைத்துனனும் சகலையும் சேர்ந்தே நிற்க வேண்டியிருந்தது.